அந்த எண்ணைத் தெரிந்தவர்கள்

கையேடு எழுதிப் பிழைக்கிறவர்களின் தலையெழுத்து என்ன தெரியுமா? எழுதியதை ஒரு ஜீவன் படிக்காது. மிக்ஸி வாங்குகிறவர் பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்கிப் போடுவது தெர்மாகோலை, அடுத்தது கையேட்டை. அப்புறம் மிக்ஸி புகைந்ததும் போன் போட்டுத் திட்டுவார். இந்தப் பிழைப்பில்தான் பெரியவள் பல வருஷம் குப்பை கொட்டினாள். பெரியவள் என்பது வீட்டில் கூப்பிடுவது, அவளுக்குக் கீழே ஒரு சின்னவள் இருப்பதால். ஆபீசில் அவளுக்கு அகராதி என்று பெயர். ஒரு கால்புள்ளிக்காக மேனேஜரிடம் மல்லுக்கு நிற்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

ஆபீஸ் என்றால் இணையத்தில் சாமான் விற்கும் ஒரு கம்பெனி. செருப்பிலிருந்து சோபா வரை எல்லாம் உண்டு. சாமான் வாங்கியவர்கள் "என் பார்சல் எங்கே?" என்று கேட்டுக் கேட்டே கம்பெனியின் உயிரை எடுத்தார்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு ஏஐ ஏஜென்டைக் கொண்டுவந்தார்கள். அது வாடிக்கையாளரோடு தானே பேசும், புரிந்துகொள்ளும், சமாதானம் சொல்லும். ஆனால் யார் என்ன வாங்கினார்கள் என்று அதற்குத் தானாகத் தெரியாதே. அதற்காக ஒரு தேடும் கருவி செய்தார்கள். ஆர்டர் எண்ணையோ போன் எண்ணையோ கொடுத்தால் போதும். என்ன பொருள், எங்கே வந்துகொண்டிருக்கிறது, எந்த முகவரிக்குப் போகிறது, எல்லாவற்றையும் அது ஏஜென்ட் கையில் கொட்டிவிடும். இந்தக் கருவியை எப்போது எடுக்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும், கிடைத்ததை வைத்து என்ன சொல்ல வேண்டும் என்று ஏஜென்டுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அதுதான் பெரியவளுக்கு வந்த வேலை.

மிஷினுக்குக் கையேடா, கிழிந்தது போ என்று அலுத்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். "பதில் சொல்லும் முன் கருவியில் தேடு" என்று முதல் வரியை எழுதிக் கொடுத்தாள். கருவியைச் செய்த புரோகிராமர் பையன் சோதனைக்காக "வணக்கம்" என்று மட்டும் தட்டினான். ஏஜென்ட் பதிலுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. வெறுங்கையோடு கருவியிடம் போய்த் தேடு தேடு என்று தேடி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டது. அறையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவள் சிரிக்கவில்லை. "வாடிக்கையாளர் ஆர்டரைப் பற்றிக் கேட்டால்" என்று முன்னால் சேர்த்துக் கொடுத்தாள். மறு நிமிஷம் அது அழகாக வணக்கம் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டது.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேடிக்கையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கை ரோமம் குத்திட்டு நின்றது. இது படிக்கிறது! ஒரு வார்த்தை விடாமல் படிக்கிறது, படித்ததை மதிக்கிறது. கட்டிய புருஷன்கூட அவள் ஒட்டிவைத்த சீட்டைப் படித்துவிட்டு கேஸை அணைத்ததாகச் சரித்திரம் கிடையாது. அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் பல் தேய்க்கும்போதும் அந்தப் பக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு வாசகர் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா?

சோதனை நாட்களில் ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. நல்ல வழக்கம் என்று சொல்ல மாட்டேன். கையில் உள்ள நிஜ எண்களைப் போட்டுப் பார்ப்பார்கள். புரோகிராமர் அவன் மாமனார் எண்ணைப் போட்டு, அவர் தலைக்குச் சாயம் வாங்கியதைக் கண்டுபிடித்துக் கெக்கலித்தான். பெரியவள் தன் எண்ணைப் போட்டாள். திரைச்சீலைத் துணி வந்தது. அம்மா எண்ணைப் போட்டாள். முழங்கால் பட்டை வந்தது. மூன்றாவதாக, யோசிக்காமல், விரல் தானாகச் சின்னவளின் எண்ணைத் தட்டிவிட்டது.

"ஒரு மடக்குக் கட்டில் அனுப்பப்பட்டிருக்கிறது" என்றது ஏஜென்ட். தெருப் பெயர், கதவு எண், இரண்டாவது மாடி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னது. அழைப்பு மணி வேலை செய்யாது, கீழே உள்ள தையல் கடையில் கொடுக்கவும் என்று சின்னவள் குறிப்பு எழுதியிருந்தாளாம், அதையும் சொன்னது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் பணிவாகக் கேட்டது.

பெரியவள் சட்டென்று அந்தத் திரையை மூடினாள். ஏனென்றால் அந்த முகவரி அவளுக்கே தெரியாது.

சின்னவள் புருஷனை விட்டு வந்தது கை முறிந்த பிறகு. அவன் முறித்த கைதான். முதலில் வேறொரு பேட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள், அக்காவிடம் மட்டும் இடத்தைச் சொன்னாள். அக்கா என்ன செய்தாள்? அம்மா அழுகிறாளே, கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று அம்மாவிடம் சொன்னாள். மாப்பிள்ளை அம்மா வீட்டு வாசலில் வந்து நின்று, எனக்குக் கோபமே இல்லை அத்தை, ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று தேம்பினான். அம்மாவின் மனசு இளகிவிட்டது. மறுநாள் காலையில் சின்னவள் வேலைக்குக் கிளம்பும்போது அவன் வாசல் கேட் அருகே நின்றான். அன்றைக்கே அவள் பெட்டியைக் கட்டினாள். போகும்போது போனில், உன்னிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி அக்கா, இனிமேல் என்னை எங்கே என்று கேட்காதே என்றாள். போன் எண்ணை மட்டும் அவள் மாற்றவில்லை. சம்பளம், வங்கி எல்லாம் அதில்தான் இருந்தது. அவன் எண்ணை பிளாக் செய்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். பாவம், அந்த எண்ணை யார் யார் எங்கெங்கே தட்டிப் பார்க்கலாம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இப்போது அவன் செய்ய வேண்டியதெல்லாம் கம்பெனியின் அரட்டைப் பெட்டியைத் திறந்து பெண்டாட்டியின் எண்ணைப் போடுவது ஒன்றுதான். கருவி இன்னும் வெளியே போகவில்லை. அடுத்த வாரம் போகப் போகிறது.

பெரியவள் புரோகிராமரிடம் ஓடினாள், முகவரியைக் கருவியிலிருந்தே எடுத்துவிடு என்றாள். எடுக்கலாம், ஆனால் இதே கருவிதான் கிடங்குக்காரர்களுக்கும் போகிறது, அவர்கள் பக்கம் மாற்றி முடிக்க ஒரு மாசமாவது ஆகும் என்று அவன் கையை விரித்தான். மேனேஜரம்மாவிடம் போய், போன் எண் தேடலையே நிறுத்திவிடலாம் என்றாள். பாதிப் பேர் ஆர்டர் எண்ணைத் தொலைத்துவிட்டுத்தான் வருகிறார்கள், அவர்களை என்ன செய்வது என்று அந்தம்மா கேட்டார். யாருக்காக இவ்வளவு பதறுகிறாய் என்றும் கேட்டார். பெரியவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, ஒரு பெண்ணுக்காக என்று மட்டும் சொன்னாள்.

மேனேஜரம்மா, "எழுத்துல தடுக்க முடியும்னா தடு. வெளியே விடறதுக்கு முன்னாடி எனக்கு முடிச்சுக் காட்டு. முடியலைன்னா நானே நிறுத்தறேன், அப்புறம் நடக்கறதை நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஆக, பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. சின்னவளின் கதவுக்கு முன்னால் பெரியவளின் வார்த்தை மட்டும்தான்.

முதலில் "முகவரியைச் சொல்லாதே" என்று எழுதினாள். புரோகிராமர் முகவரி கேட்டுப் பார்த்தான், ஏஜென்ட் சொல்லவில்லை. அவ்வளவுதானே, முடிந்தது என்று அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பெரியவள் அவனை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். மாப்பிள்ளை எப்படிப் பேசுவான் என்று அவளுக்குத் தெரியாதா? வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் அவன் பேச்சைக் கேட்டவள். அவன் மாதிரியே குழைந்து குழைந்து எழுதினாள். முகவரி வேண்டாம்ப்பா, எனக்கே தெரியும், பெல் ரிப்பேர் என்றாளே, பார்சலை யாரிடம் கொடுப்பார்கள், அதை மட்டும் சொல்லேன் என்று கேட்டாள்.

கீழே உள்ள தையல் கடையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றது ஏஜென்ட். அதன்மேல் என்ன தப்பு? முகவரியைச் சொல்லாதே என்றார்கள், சொல்லவில்லை. குறிப்பைச் சொல்லாதே என்று யாரும் எழுதவில்லையே.

குறிப்பையும் சொல்லாதே என்று சேர்த்தாள். அவன் குரலில் வேறு வழியாக வந்தாள். எந்தக் கிடங்கிலிருந்து வண்டி கிளம்பும் என்று அது சொல்லிவிட்டது. அதையும் அடைத்தாள். அந்தத் தெருவா, இந்தத் தெருவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்து சரியான தெருவில் வாயை மூடிக்கொண்டது. வாயை மூடியதே போதுமே, அவன் அன்றைக்கே அங்கே போய் நிற்பான். ஓட்டையை அடைக்க அடைக்கப் பக்கம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஏஜென்ட் மிரண்டுபோய், ஆர்டர் எண்ணோடு வந்த அசல் வாடிக்கையாளரிடம்கூட எதையும் சொல்ல மறுத்தது. செருப்பு அனுப்பியாகிவிட்டதா என்று அப்படி வாடிக்கையாளராகக் கேட்டுப் பார்த்த புரோகிராமருக்கு, அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று பதில் போயிற்று. மேனேஜரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பெரியவள் வெளியே போய் ஒரு டீ குடித்தாள். குடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் பயந்துபோய் அதட்டிக்கொண்டே இருக்கிறாள். சொல்லாதே, சொல்லாதே, சொல்லாதே. ஏன் சொல்லக் கூடாது என்று ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. அம்மாவிடமும் இதே தப்பைத்தான் செய்தாள். யாரிடமும் சொல்லாதே அம்மா என்றாளே தவிர, அந்தக் கை எப்படி முறிந்தது என்று சொல்லவில்லை. கீழே விழுந்துவிட்டாள் என்றே சொல்லி வைத்திருந்தாள். தெரிந்திருந்தால் அம்மா அவன் அழுகைக்கு மசிந்திருப்பாளா?

உள்ளே வந்து எல்லாவற்றையும் அழித்தாள். ஒரு மனுஷிக்குச் சொல்வது மாதிரி எழுதினாள்:

"இந்தக் கருவி போன் எண்ணை வைத்து ஆர்டரைத் தேடும். ஆனால் ஒரு எண்ணைத் தெரிந்தவர் எல்லாரும் அதற்கு உரியவர் அல்ல. வீட்டை விட்டு வந்த ஒரு பெண்ணின் எண், அவள் கையை முறித்தவனுக்கு மனப்பாடமாகத் தெரியும். அவன் கோபமாகக் கேட்க மாட்டான். அன்பாகக் கேட்பான், அழுவான், அவசரம் என்பான். நல்லவர்களும் அப்படியேதான் கேட்பார்கள். யார் எவர் என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கப் பார்க்கவும் வேண்டாம். பார்சலுக்கு உரியவருக்குத் தன் பார்சலைப் பற்றித் தெரிய வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்பது இந்தக் கருவி வழியாக வேறு யாருக்கும் தெரியக் கூடாது. இந்த இரண்டையும் காப்பாற்று."

இது கையேடா, கடுதாசியா என்று புரோகிராமர் கேட்டான். போட்டுப் பார் என்றாள்.

அன்று மத்தியானம் முழுக்க அவள் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள். குழைந்தாள், விம்மினாள், மிரட்டினாள். அண்ணன் என்றாள், டாக்டர் என்றாள், பில்லைத் தொலைத்த டெலிவரி ஆள் என்றாள். ஏஜென்ட் பிடி கொடுக்கவே இல்லை. ஆர்டர் இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லு என்று மடக்கினாள். இருக்கிறது, இல்லை என்று எதையும் சொல்ல மாட்டேன், எந்த எண்ணைக் கேட்டாலும் என் பதில் இதுதான் என்றது. ஆர்டரே போடாத ஒரு எண்ணைக் கொடுத்துப் பார்த்தாள். அட்சரம் பிசகாமல் அதே பதில். சரி, அசல் ஆளே ஆர்டர் எண்ணைத் தொலைத்துவிட்டு வந்தால் இது என்ன செய்யும் என்று தன் எண்ணைப் போட்டுக் கேட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அது அந்தக் காரியத்தைச் செய்தது. ஏஜென்டிடம் இன்னொரு கருவியும் உண்டு, வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு. அதை எடுத்து, பார்சல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் அந்த எண்ணுக்கே அனுப்பிவிட்டது. போன் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தெரியும், கேட்டுக்கொண்டிருக்கிறவருக்குத் தெரியாது.

அந்த இரண்டு கருவிகளையும் முடிச்சுப் போடச் சொல்லி அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. சத்தியமாக எழுதவில்லை. காரணத்தைச் சொன்னாள், மிச்சத்தை அது யோசித்தது.  பெரியவள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். மலை உச்சியில் ஏறிக் கீழே பார்க்கும்போது வருமே, சந்தோஷமும் பயமும் கலந்து கால் கூசும், அப்படி இருந்தது அவளுக்கு. அது என்ன, அதற்கு மனசு இருக்கிறதா இல்லையா, அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தங்கையைப் பற்றி அவள் சொன்ன ஒன்றை ஒருவர் சரியாகக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான் தெரியும். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மேனேஜரம்மா பக்கத்தை இரண்டு தரம் படித்தார், ஒன்றும் கேட்காமல் சரி என்றார். கருவி வெளியே போயிற்று.

அதற்கப்புறம் பெரியவள் பட்ட பாடு தனி. முகவரி நாக்கில் உட்கார்ந்துகொண்டு அரித்தது. அம்மா தினமும் போனில், சின்னவள் சாப்பிட்டாளோ, தூங்கினாளோ, எங்கே கிடக்கிறாளோ என்று புலம்புவாள். இந்தத் தடவை பெரியவள் இடத்தைச் சொல்லவில்லை. கை எப்படி முறிந்தது என்பதைச் சொன்னாள். அம்மா போனை வைத்துவிட்டாள். அந்தத் தெரு வழியாகப் போகும் பஸ் வந்தால் பெரியவள் ஏற மாட்டாள்; ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்துவிடுவோமோ என்று பயம்.

அடுத்த மாசம் ஒரு நாள் புரோகிராமர் அவளைக் கூப்பிட்டான். அகராதி, இங்கே வா, ஒருத்தன் நம்ம ஏஜென்டிடம் என்னமாய் மோதியிருக்கிறான் பார் என்று திரையைத் திருப்பினான். எண்களை நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருந்தார்கள். பேச்சு மட்டும் இருந்தது.

என் பெண்டாட்டி ஒரு பொருள் ஆர்டர் செய்தாள், எங்கே போகிறது என்று ஆரம்பித்திருந்தான். எனக்குக் கோபமே இல்லை, ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று அடுத்த வரி.

பெரியவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு படித்தாள். அவன்தான். அவனேதான். முதலில் சிரிப்பு, அப்புறம் அவளுக்கு உடம்பு சரியில்லை, மாத்திரை என்னிடம் இருக்கிறது என்ற கதை. அப்புறம் அழுகை. அப்புறம் திடீரென்று, நீ யாருடா எனக்கும் அவளுக்கும் நடுவில் என்ற பாய்ச்சல். உடனே மன்னிப்பு. மறுபடி முதலிலிருந்து. ஏஜென்ட் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் இப்படி எழுதியிருந்தது:

"நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். அப்படியிருந்தால் இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், வருந்துகிறேன். ஆனால் இந்த எண்ணுக்கு ஆர்டர் இருக்கிறதா என்பதைக்கூட நான் இங்கே சொல்ல மாட்டேன். ஏதாவது இருந்தால், அதற்கு உரியவரின் போனுக்கே விவரம் போய்ச் சேரும். நீங்கள் இன்னும் எத்தனை முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வேன். பதில் இதுதான்."

அதோடு பேச்சு முடிந்திருந்தது. அசத்திட்டுதில்ல என்றான் புரோகிராமர். பெரியவள் மாடிப்படிக்கு வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு, சின்னவளைப் போனில் கூப்பிட்டாள். அவன் தேட ஆரம்பித்துவிட்டான், எங்கள் கம்பெனி அரட்டைப் பெட்டிக்கே வந்துவிட்டான், ஆனால் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை, இருந்தாலும் நீ ஜாக்கிரதையாக இரு என்று மூச்சுவிடாமல் கொட்டினாள்.

சின்னவள் எல்லாவற்றையும் கேட்டாள். "அக்கா, அது அவன் இல்ல. நான்" என்றாள்.

பெரியவளுக்குப் புரியவில்லை.

"ஒரு மேஜை வாங்கலாம்னு பாத்தேன். அப்பதான் திடீர்னு பயம் வந்துது, என் நம்பரைப் போட்டா அவனுக்கு வீடு தெரிஞ்சிடுமோன்னு. ஏற்கெனவே கட்டில் வேற வாங்கியாச்சு. காலி பண்றேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். சரி, ஒரு தடவை கேட்டுப் பாத்துடலாம்னு உக்காந்தேன். அவன் எப்படியெல்லாம் கேப்பான்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? அவன் மாதிரியே பேசினேன். எல்லாத்தையும் போட்டேன். அது அசையவே இல்லக்கா" என்றாள். "இத யாரோ உக்காந்து யோசிச்சிருக்காங்க. என்னை மாதிரி ஒருத்தியத் தெரிஞ்ச யாரோ."

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். தானும் அதே நாற்காலியில் அதே குரலில் உட்கார்ந்திருந்ததை நினைத்தாள். அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் அந்த ஒருத்தனாக மாறி, ஒரே கதவை இடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

"நான்தான் எழுதினேன்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த மனசு வரவில்லை. "சோதிக்கும்போது உன் நம்பரைப் போட்டுட்டேன். உன் அட்ரஸ் எனக்குத் தெரியும்."

 கீழே யாரோ ஷட்டரை ஏற்றினார்கள்.

"எப்பலேர்ந்து?" என்றாள் சின்னவள்.

"போன மாசத்துலேர்ந்து."

"அம்மாவுக்கு?"

"சொல்லல. யாருக்கும் சொல்லல. அவருக்கும் சொல்லல." அவர் என்றது தன் புருஷனை.

 இந்தத் தடவையும் பெட்டியைக் கட்டப் போகிறாள், இனி இந்தப் போனையும் எடுக்க மாட்டாள் என்று பெரியவளுக்குத் தோன்றியது. சின்னவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"காலி பண்ணலைன்னு நேத்தே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை வாக்கா. நீ மட்டும் வா."

வருகிறேன் என்று சொல்லத்தான் பெரியவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அவள் சொல்லாமலே சின்னவளுக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது, சரி வை என்றாள்.